தேடினால் மேலே வருவது யாருடைய கடை? (ஓவர்லொக் மெஷின் வாங்கிய பிறகு வந்த கேள்வி)

மல்லியப்பூ, தலவாக்கலை

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் 31 வருஷம் கொழுந்து எடுத்தவர். ஓய்வுக்குப் பிறகு பக்கத்து டிவிஷன் பிள்ளைகளுக்கு ஸ்கூல் யூனிபோர்ம் தைத்துக் கொடுக்கிறார். துணியின் ஓரம் நூல் பிரியாமல் இருக்க ஒரு ஓவர்லொக் மெஷின் வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன மாதம் சீட்டு விழுந்தது. அன்று ராத்திரியே போனில் தேடினேன். தேடல் பக்கத்தின் உச்சியிலேயே வரிசையாகப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் விலை. முதல் படத்தைத் தொட்டு ஓர்டர் போட்டுவிட்டேன். 58,900 ரூபா, கொண்டுவந்து தரும் கூலி தனியாக 1,200.

மெஷின் வந்து சேர்ந்தது, குறை இல்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து ஹட்டன் டவுனுக்குப் போனபோது ஒரு கடைக் கண்ணாடிக்குள் அதே மெஷின், அதே பெட்டி, 51,500 ரூபா. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அதே சொல்லைப் போட்டு மறுபடி தேடிப் பார்த்தேன். படவரிசையின் மூலையில் மெல்லிய சாம்பல் எழுத்தில் 'அனுசரணை' என்று இருக்கிறது, அதாவது காசு கட்டிப் போட்ட விளம்பரம். அன்று என் கண்ணில் படவே இல்லை. சாதாரண முடிவு ஒன்றைப் பார்க்க விரலால் நான்கு தடவை மேலே தள்ள வேண்டியிருந்தது. அந்த ஹட்டன் கடைக்கும் ஒரு இணையப் பக்கம் இருக்கிறது. அது இரண்டாம் பக்கத்தின் கடைசியில் கிடந்தது.

எந்தத் தளம் என்று இங்கே எழுதவில்லை. யாரோடும் சண்டைக்குப் போகவில்லை, விளங்கிக்கொள்ளத்தான் கேட்கிறேன். பொருளைத் தேடித் தருகிற இடமே, தான் காசு வாங்கும் வரிசையை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கலாமா? இதைக் கேட்க எங்காவது சட்டம் இருக்கிறதா?


ஹட்டன் கடைக்காரன், ஹட்டன்

தங்கச்சி, நீங்கள் பார்த்தது என் கடையாகவும் இருக்கலாம். நானும் அதே விலைக்குத்தான் விற்கிறேன்.

விற்கிறவன் பக்கத்தையும் சொல்கிறேன். எட்டு மாதம் நானும் கிளிக்குக்குக் காசு கட்டிப் பார்த்தேன். பொருளின் படம், விலை, கையிருப்பு எல்லாவற்றையும் பட்டியலாக ஏற்ற வேண்டும். ஒருவர் தேடும்போது அந்த இடத்துக்கு உள்ளே ஏலம் நடக்கும். கூடக் கேட்பவரும் பொருத்தமான பொருள் வைத்திருப்பவரும் முன்னால் வருவார்கள். ஆள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், தொட்டால் காசு. ஒரு மாதம் 14,000 ரூபா போனது, விற்றது இரண்டே மெஷின். அந்த 14,000த்தை இரண்டு மெஷின் மேல் பிரித்துப் போட்டால் ஒன்றுக்கு 7,000. நீங்கள் கூடக் கொடுத்த தொகைக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்.

நான் விலையை ஏற்றவில்லை, கட்டுவதை நிறுத்திவிட்டேன். அதனால்தான் இரண்டாம் பக்கத்தின் அடியில் கிடக்கிறேன்.


பதுளை ரயில், பதுளை

மல்லியப்பூ அக்கா, நீங்கள் கேட்ட கேள்வியை ஐரோப்பாவில் கூகுளை வைத்துப் பதினைந்து வருஷம் விசாரித்திருக்கிறார்கள். வெளிநாட்டு விலை ஒப்பீட்டுத் தளம் ஒன்றுக்குக் கொஞ்ச காலம் வீட்டிலிருந்தே பொருள் விவரம் ஏற்றிக் கொடுத்தேன். அப்போதுதான் இதைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

விலை ஒப்பீட்டுத் தளம் என்றால், ஒரே பொருள் எந்தக் கடையில் என்ன விலை என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டுவது. இங்கிலாந்தில் ஆடம் ராஃப், ஷிவான் ராஃப் என்ற கணவனும் மனைவியும் ஃபவுண்டெம் என்று ஒன்றை நடத்தினார்கள். 2006ல் தொடங்கிய சில நாளிலேயே கூகுள் தேடலில் அது எங்கேயோ அடியில் போய்விட்டது. மற்ற தேடல் தளங்களில் அதே பக்கம் நல்ல இடத்தில் வந்துகொண்டிருந்தது. 2009ல், ஐரோப்பிய ஒன்றியத்தில் போட்டிச் சட்டத்தைக் கவனிக்கிற ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறையிட்டார்கள். 2010 நவம்பரில் ஆணைக்குழு முறைப்படி விசாரணையைத் தொடங்கியது.

கூகுளுக்கும் அதே தொழிலில் ஒரு சேவை இருந்தது. 2002 முடிவில் ஃப்ரூகிள் என்ற பெயரில் வந்தது, பிறகு பெயர் மாறி மாறிக் கடைசியில் கூகுள் ஷொப்பிங் ஆனது. ஃப்ரூகிள் எடுபடவில்லை என்று 2006ல் அவர்களுடைய உள் ஆவணம் ஒன்றிலேயே எழுதியிருந்ததை ஆணைக்குழு எடுத்துக் காட்டியது.

2017 ஜூன் 27ல் தீர்ப்பு வந்தது. அபராதம் 242 கோடி யூரோ. அப்போது போட்டித்துறை ஆணையாளராக இருந்தவர் மார்கிரெத வெஸ்டாகர்.

இதில் ஒரு இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். கூகுள் கடை வைத்ததுதான் குற்றம் என்று ஆணைக்குழு சொல்லவில்லை. தேடல் முடிவுகளைத் தரம் பார்த்துக் கீழே இறக்கும் விதிகள் இருக்கின்றன அல்லவா? அந்த விதிகள் போட்டித் தளங்கள் மேல் பாய்ந்தன. கூகுளின் சொந்த ஒப்பீட்டுச் சேவைக்கு அவை பொருந்தவே இல்லை. அது படத்தோடு, விலையோடு, பக்கத்தின் மேலேயோ வலது பக்கத்திலேயோ போய் உட்கார்ந்தது. போட்டித் தளங்களில் முதலாவதாக வருவதே சராசரியாக நாலாம் பக்கத்தில்தான் வந்தது.

நாலாம் பக்கம் என்றால் என்ன அர்த்தம் என்பதற்கும் கணக்கு வைத்திருந்தார்கள். முதல் பக்கத்தின் பத்து முடிவுகளுக்கே கிட்டத்தட்ட 95 வீதமான கிளிக் போகிறது. இரண்டாம் பக்கத்தின் முதல் முடிவுக்கு 1 வீதம் அளவில்தான் கிடைக்கிறது. முதலிடத்தில் இருப்பதை மூன்றாம் இடத்துக்கு மாற்றினாலே கிளிக் பாதியாகிவிடுகிறது. கடைக்கார அண்ணே, உங்கள் பக்கம் எங்கே கிடக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இந்தக் கணக்குத்தான் ஞாபகம் வந்தது.


நுவரெலியா நிரலாளர், நுவரெலியா

பதுளை ரயில் சொன்ன விவரங்கள் சரி. ஆனால் மறுபக்கத்தையும் யாராவது எழுத வேண்டும், ஏனென்றால் அது வெறும் சாக்கு இல்லை.

ஒருவர் மெஷின் என்று தேடுகிறார். அவருக்கு வேண்டியது மெஷின். இன்னொரு பட்டியல் தளத்துக்கு அனுப்பி, அங்கே மறுபடி பட்டியல் பார்க்க வைத்து, அங்கிருந்து கடைக்கு அனுப்புவதைவிட, படத்தையும் விலையையும் நேரே காட்டுவது நல்ல சேவை. கூகுள் நீதிமன்றத்தில் சொன்ன வாதத்தின் சாரமும் இதுதான். அமெரிக்காவின் மத்திய வணிக ஆணைக்குழுவும் இதே விஷயத்தை விசாரித்தது. தேடல் பக்கத்தில் செய்த மாற்றங்களைப் பாவனையாளருக்கான மேம்பாடு என்று கொள்ள இடமிருக்கிறது என்று சொல்லி 2013 ஜனவரியில் அந்தப் பகுதியை மூடிவிட்டது. ஒரே சம்பவம், கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு முடிவு, அந்தப் பக்கம் வேறு முடிவு.

அதோடு, பொருள் வாங்க நினைக்கிற பலர் இப்போது தேடல் தளத்துக்கே வருவதில்லை. நேரே அமேசான் போன்ற இடத்துக்குப் போகிறார்கள். அங்கேயும் காசு கட்டினவர் மேலேதான்.

மல்லியப்பூ, உங்கள் காசு கூடப் போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒரு தடவை கீழே தள்ளிப் பார்த்திருந்தால் விலை தெரிந்திருக்கும் அல்லவா?


மல்லியப்பூ, தலவாக்கலை

பார்த்திருக்க வேண்டும் என்பது சரிதான், நானும் அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் அண்ணா, மேலே இருப்பது நல்லது, அதனால்தான் மேலே இருக்கிறது என்று நம்பித்தானே எல்லோரும் தேடுகிறோம்? பள்ளிக்கூடத்தில் ரேங்க் போட்ட பட்டியல் மாதிரி. முதல் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'அனுசரணை' என்று இருந்தால் அது ரேங்க் பட்டியலா?


பழைய மாஸ்டர், பொகவந்தலாவை

பிள்ளைகள் எழுதியதை எல்லாம் படித்தேன். கம்ப்யூட்டர் விஷயம் எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் பதுளைத் தம்பி சொன்ன அந்த ஒரு இடம், விதி மற்றவனுக்குப் பொருந்தும், எனக்குப் பொருந்தாது என்பது, எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். சின்ன வயதில் அம்மாவோடு மடுவத்துக்குப் போவேன். கொழுந்து நிறுக்கிற இடம். தராசின் கொக்கியில் சாக்கு தொங்கும். முள் 18ல் நிற்பதை நான் பார்ப்பேன். கணக்கப்பிள்ளை 16 என்று எழுதுவார். சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு ஒரு கிலோ. வெயில் காயும் நாளிலும் தண்ணிக்கு ஒரு கிலோ உண்டு. அம்மா ஒன்றும் பேச மாட்டார், ஏனென்றால் அடுத்த மடுவம் என்று ஒன்று இல்லை. கழிவு போடுவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நனைந்த கொழுந்துக்குத் தண்ணி இருக்கத்தான் செய்யும். ஆனால் கணக்கப்பிள்ளைக்கு வேண்டியவர்களின் சாக்கு வரும்போது முள்ளில் நின்றதே புத்தகத்திலும் ஏறும். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதற்கும் முந்திய காலத்தில் பெரிய கங்காணிதான் ஆளைக் கூட்டி வந்தார், அவரே கடனும் கொடுத்தார். பல தோட்டங்களில் கடையும் அவருடையதுதான். சம்பளம் அவர் கையால் வரும், அரிசி அவர் கடையில் வாங்க வேண்டும், கடன் அவர் புத்தகத்தில் ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் கடன் தொகை எழுதிய துண்டு வேண்டும். அந்தத் துண்டு முறையை 1921ல் சட்டம் போட்டுத்தான் நிறுத்தினார்கள். கடை வைத்ததற்காக யாரும் கங்காணியைக் குறை சொல்லவில்லை. சம்பளமும் கடையும் கணக்குப் புத்தகமும் ஒரே கையில் இருந்ததுதான் எங்கள் ஆட்களை முறித்தது.

நுவரெலியாத் தம்பி, தேடித் தருவது இலவசம் என்று நானும் முதலில் நினைத்தேன். கடைக்காரத் தம்பியின் கணக்கைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. இந்தப் பிள்ளையின் சீட்டுக் காசில் ஒரு பங்கு அங்கே போயிருக்கிறது.


பதுளை ரயில், பதுளை

மாஸ்டர், நீங்கள் எழுதிய மடுவத்தை வைத்தே மேலே சொல்கிறேன், எனக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

நிரலாளர் அண்ணா சொன்ன அமேசான் வாதத்தையும் ஆணைக்குழு எடுத்துப் பார்த்தது. அமேசான் பொருள் வாங்குகிற இடம், ஒப்பீட்டுத் தளம் விலை பார்க்கிற இடம், இரண்டும் வேறு சந்தை என்று முடிவு செய்தது. பிறகு சாக்குக்கு எவ்வளவு குறைந்தது என்றும் பார்த்தது. சில போட்டித் தளங்களுக்குக் கூகுளில் இருந்து வந்த ஆட்கள், கீழே இறக்கப்பட்ட பிறகு, பிரித்தானியாவில் 85 வீதம், ஜெர்மனியில் 92 வீதம் வரை, பிரான்சில் 80 வீதம் திடீரென்று குறைந்தார்கள். கூகுளின் சொந்தச் சேவைக்கோ பிரித்தானியாவில் 45 மடங்கு, ஜெர்மனியில் 35 மடங்கு, பிரான்சில் 19 மடங்கு கூடினார்கள். இதற்காக 170 கோடி அளவிலான உண்மையான தேடல்களின் தரவை ஆராய்ந்திருக்கிறார்கள்.

கூகுள் மேன்முறையீடு செய்தது. 2021 நவம்பர் 10ல் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2024 செப்டெம்பர் 10ல் மேல் நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. அங்கே நீதிபதிகள் ஒன்றை விளக்கமாகச் சொன்னார்கள். பெரிய நிறுவனம் தன் பொருளைக் கொஞ்சம் நன்றாக நடத்திய மாத்திரத்திலேயே அது சட்டவிரோதம் ஆகிவிடாது. இந்தச் சந்தையின் நிலையில், இந்த விதத்தில் பாரபட்சம் காட்டியதுதான் தப்பு. அதனால் அண்ணாவின் கருத்தில் பாதியை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது என்று சொல்லலாம்.

ஃபவுண்டெம் 2016லேயே மூடப்பட்டுவிட்டது. கடைசித் தீர்ப்பு வந்தபோது அந்தக் கடை இல்லாமல் போய் எட்டு வருஷம். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.


ஹட்டன் கடைக்காரன், ஹட்டன்

தம்பி, அபராதத்துக்குப் பிறகு என்ன மாறியது? படவரிசை போய்விட்டதா?


பதுளை ரயில், பதுளை

போகவில்லை அண்ணே. 2017 செப்டெம்பரில் இருந்து ஐரோப்பாவில் அந்தப் படவரிசைக்குள் போட்டித் தளங்களும் ஏலம் கேட்கலாம் என்று மாற்றினார்கள். கூகுள் ஷொப்பிங்கையும் தனிக் கணக்காகப் பிரித்து, அதுவும் மற்றவர்களைப் போல ஏலம் கேட்கும் என்று வைத்தார்கள்.


பழைய மாஸ்டர், பொகவந்தலாவை

அப்படியென்றால் கீழே இறக்கப்பட்டவன் இப்போது அதே ஆளிடம் காசு கட்டி இடம் வாங்க வேண்டும். ஏலக் காசும் அவரிடமே போய்ச் சேருகிறது. நான் சரியாக விளங்கிக்கொண்டேனா?


பதுளை ரயில், பதுளை

சரியாகத்தான் விளங்கிக்கொண்டிருக்கிறீர்கள் மாஸ்டர். ராஃப் தம்பதிகளும் இன்னும் பலரும் இதையே சொல்லித்தான் அந்தத் தீர்வை எதிர்த்தார்கள்.


ஹப்புத்தளை காற்று, ஹப்புத்தளை

நான் நாலு அறை வைத்த சின்ன விருந்தினர் இல்லம் நடத்துகிறேன். பொருள் விற்பவன் இல்லை, ஆனால் இது என் கதையும்தான்.

எங்கள் இல்லத்தின் முழுப் பெயரையும் தேடினால், மேலே ஒரு பெட்டி வருகிறது. அதில் முன்பதிவுத் தளங்களின் விலைகள் வரிசையாக இருக்கின்றன. எங்கள் சொந்தப் பக்கமும் தொலைபேசி இலக்கமும் அதற்குக் கீழே. பெட்டி வழியாக வருகிற ஒவ்வொரு விருந்தினருக்கும் நூற்றுக்குப் பதினைந்து கமிஷன் போகிறது. போன வருஷம் ஒரு ஜெர்மன் தம்பதி மூன்று நாள் தங்கிவிட்டுப் போகும்போது, உங்களுக்கு நேரே போன் பண்ணியிருக்கலாம் என்று எங்களுக்குத் தெரியாதே என்று கேட்டார்கள். கமிஷனுக்குப் போன காசு இருந்திருந்தால் மழைக்கு முன்னால் பின்பக்கக் கூரைத் தகரத்தை மாற்றியிருப்பேன்.


நுவரெலியா நிரலாளர், நுவரெலியா

ஹப்புத்தளை அண்ணே, உங்கள் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் இதற்கென்றே டிஜிட்டல் சந்தைகள் சட்டம் வந்திருக்கிறது. 2024 மார்ச் 7ல் இருந்து பெரிய நிறுவனங்கள் அதைக் கடைப்பிடிக்க வேண்டும். தன் சேவையைத் தரவரிசையில் முன்னுக்கு வைக்கக் கூடாது என்று அதில் நேராகவே எழுதியிருக்கிறது. அதற்காகக் கூகுள் தன் பெட்டிகள் சிலவற்றை எடுத்துவிட்டு ஒப்பீட்டுத் தளங்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்தது. உடனே குறை சொன்னவர்களில் ஹோட்டல்காரர்களும் விமான நிறுவனங்களும் இருந்தார்கள். நேரடி முன்பதிவுக்கான இலவச கிளிக் 30 வீதம் வரை குறைந்துவிட்டது என்று கூகுளே அந்த வருஷம் எழுதியது. அது அவர்களுடைய கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே பெரியவரைப் பின்னுக்குத் தள்ளினால் அந்த இடத்துக்குச் சின்னவர் வந்துவிடுவார் என்று இல்லை. நடுவில் நிற்கிற இன்னொருவர் வரலாம். நான் முதலில் எழுதியதன் கவலையும் இதுதான், சரியாகச் சொல்லத் தெரியாமல் மல்லியப்பூ மேல் பழியைப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் தங்கச்சி.

மாஸ்டரின் மடுவம் பற்றியும் யோசித்தேன். எங்கள் வேலையில் தரவரிசை விதி எழுதும்போது, இந்த விதி எங்கள் சொந்தப் பக்கத்துக்கும் ஓடுமா என்று கேட்பது மிகச் சாதாரணமான கேள்வி. ஒரு வரி நிரல்தான். அந்த ஒரு வரியை ஓட விடவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.


ஹப்புத்தளை காற்று, ஹப்புத்தளை

எனக்குப் பெட்டி யாருடையது என்பது பிரச்சினை இல்லை தம்பி. என் பெயரைத் தேடி வருகிறவருக்கு என் தொலைபேசி இலக்கம் முதலில் தெரிய வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.


மல்லியப்பூ, தலவாக்கலை

மன்னிப்பு எல்லாம் வேண்டாம் அண்ணா. நீங்கள் எழுதியதால்தான் இவ்வளவும் தெரிந்தது.

ஐரோப்பாவை விடுங்கள், நம் பக்கம் என்ன நிலைமை?


பதுளை ரயில், பதுளை

இந்தியாவில் நடந்திருக்கிறது அக்கா, முறைப்பாடுகளில் ஒன்று சென்னை நிறுவனத்துடையது. பாரத் மெட்ரிமோனி என்ற திருமணத் தளத்தை நடத்துகிற அந்த நிறுவனமும் கட்ஸ் என்ற பாவனையாளர் அமைப்பும் போட்டி ஆணையத்திடம் போனார்கள். 2018 பெப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி இந்திய ரூபா அபராதம். விமானப் பயணம் தேடும்போது தன் சொந்தப் பெட்டியைக் கண்ணுக்குப் படும் இடத்தில் வைத்தது அந்த முடிவில் முக்கியமான ஒன்று. முறைப்பாட்டில் இருந்த வேறு பல குற்றச்சாட்டுகளை ஆணையம் ஏற்கவில்லை.


பழைய மாஸ்டர், பொகவந்தலாவை

இலங்கையில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அரிசிக்கும் பருப்புக்கும் கட்டுப்பாட்டு விலை போடும்போது கடைகளில் வந்து பார்ப்பார்களே, அவர்கள்தான். அதற்கு முன் இருந்த நியாய வர்த்தக ஆணைக்குழுவுக்கு ஏகபோகத்தை விசாரிக்கிற அதிகாரம் இருந்தது. புதிய சட்டத்தில் போட்டிக்கு எதிரான நடத்தை பற்றிய பகுதி இருக்கிறது, ஏகபோகம் பற்றிய பகுதியை விட்டுவிட்டார்கள். விலைத் துண்டு ஒட்டாத பெட்டிக்கடைக்காரரைப் பிடிக்க வழி இருக்கிறது. தேடல் பக்கத்தின் மேல் வரிசை எப்படி அமைகிறது என்று கேட்கவும் ஒரு வழி வேண்டும். நம் பிள்ளைகள் சட்டம் படிக்கிறார்கள், பாராளுமன்றத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைக் கேட்க வேண்டும். நான் கடிதம் எழுதப் போகிறேன். பிள்ளை மல்லியப்பூ, உன் பெயரைப் போடாமல் அந்த இரண்டு விலையையும் எழுதலாமா?


மல்லியப்பூ, தலவாக்கலை

தாராளமாக எழுதுங்கள் மாஸ்டர். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. கூடப்போன காசுக்கு எத்தனை சட்டை தைக்க வேண்டும் என்று விரல் விட்டு எண்ணினார், 24 என்றார், பிறகு தைக்கப் போய்விட்டார்.

கடைக்கார அண்ணே, அம்மாவின் பழைய மிதி மெஷினுக்குப் பெல்ட் தேய்ந்துவிட்டது. உங்களிடம் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை வரலாமா?


ஹட்டன் கடைக்காரன், ஹட்டன்

இருக்கிறது தங்கச்சி, 450 ரூபா. ஞாயிறு பகல் ஒரு மணி வரை திறந்திருப்பேன். பழைய பெல்ட்டையும் கையோடு கொண்டு வாங்க, அளவு பார்த்து வெட்டித் தருகிறேன்.